பதினேழாம் எண் என்ன நினைக்கிறது

நாட்டை ஒரு வேலைக்காரம்மா கொஞ்ச காலம் ஆண்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. டீக்கடையில் கேட்டால், புதிய சாலை எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானித்ததே அவள்தான் என்கிறார்கள். முடிதிருத்தும் கடையில் ஒரு படி மேலே போய், மந்திரி ஒருவரை நியமித்ததும் அவளே என்கிறார்கள். இந்த வதந்திக்குக் கை கால் முளைத்து, அது மீசையும் வைத்துக்கொள்வதற்குள் யாராவது போய் விசாரித்தால் தேவலை என்று தோன்றியது. விசாரித்தாயிற்று. மந்திரி விஷயம் சுத்தப் பொய். அந்த மந்திரி வேறு யாரோ செய்த தவறு. சாலை விஷயத்தைத்தான் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாட்டின் தலைவர் குடியிருப்பதற்கென்று அரசு கொடுத்திருக்கும் வீட்டின் கதவு எண் பதினேழு. பத்திரிகைக்காரர்கள் அரசாங்கம் என்று எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். தலைவர் என்று எழுதினால் தலைவர் கோபித்துக்கொள்வார். அரசாங்கம் என்று எழுதினால் மந்திரிகள் எல்லோரும் சேர்ந்து கோபித்துக்கொள்வார்கள். பதினேழு என்று எழுதினால் கோபித்துக்கொள்ள ஆளே இல்லை. ஆகவே பதினேழு மறுக்கும், பதினேழு கண்டிக்கும், பதினேழு உன்னிப்பாகக் கவனித்து வரும். பக்கத்து நாட்டில் வெள்ளம் வந்தால் பதினேழு கண் கலங்கும். எதிர்க்கட்சி ஏதாவது சொன்னால் பதினேழு சிரித்து ஒதுக்கும். செங்கல்லும் சிமென்ட்டும் சேர்ந்த ஒரு கட்டடத்துக்கு இத்தனை உணர்ச்சி ஆகாது என்று இதுவரை எந்த மருத்துவரும் எச்சரிக்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் மாடியைத் துடைப்பவள்தான் இந்தக் கதைக்கு உரியவள். ஐம்பதைத் தாண்டியவள். மூட்டில் வலி உண்டு, வாயில் இல்லை. மாடி அறைகளும், படிக்கட்டின் பித்தளைக் கைப்பிடியும், தெருவைப் பார்த்த ஜன்னல்களும் அவள் பொறுப்பு. தலைவரின் மேசைமேல் இருக்கும் எந்தப் பொருளையும் இடம் மாற்றாமல் அதன் அடியில் தூசி தட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குச் சொல்லித் தந்த ஒரே ராஜதந்திரம் இதுதான்.

அவள் குடியிருந்த சந்தில் அவளுக்குப் பேர் அரசாங்கம். வேலை கிடைத்த புதிதில் பெருமையாக வைத்த பேர். விலைவாசி ஏற ஏற அந்தப் பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வசவாக மாறிவிட்டது.

"உங்க வீடு நேத்து எண்ணெய் விலையை ஏத்திடுச்சாமே?" என்பார் முக்குக் கடைக்காரர்.

"நான் அஞ்சு மணிக்கே கிளம்பி வந்துட்டேண்ணே. அதுக்கப்புறம் ஏத்தியிருக்கும்."

"போறப்ப சொல்லிட்டுப் போறதில்லையா, நான் இல்லாதப்ப எதையும் ஏத்தாதேன்னு?"

மாடியில் குடியிருந்த நாத்தனார் அதைவிட மோசம். ஈரத்துணியை உதறிக்கொண்டே கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் குரல் கொடுப்பாள். "ஏம்மா அரசாங்கம், குழாயில காத்துதான் வருது. கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?"

"அண்ணி, நான் அங்க தண்ணியை மொண்டு தரையில ஊத்தறவ. குழாயில விடறவ இல்லை."

"பாரு, பதில் சொல்றதுலகூட அப்படியே அரசாங்கம்தான்."

அவளுடைய கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. கால்சட்டை சொன்ன நாளில் தயாராகவில்லை என்றால் வாடிக்கையாளர் கோபப்படுவதில்லை. "அரசாங்கத்தைக் கட்டிக்கிட்டவர்கிட்ட அவசரப்பட்டு என்ன ஆகப்போகுது?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தையல்காரர் வாயில் ஊசி இருக்கும். அதனால் அவரும் பதில் சொல்வதில்லை.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இந்தக் காலத்தில் பதினேழாம் எண்ணில் தலைவரே இல்லை. கனமழையில் படுக்கையறைக் கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டிலின்மேல் விழுந்தது. தலைவர் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்ததால் நாடு தப்பித்தது. அன்றே அவரை ஏரிக்கரை விருந்தினர் மாளிகைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. தலைவர் பதினேழில் இல்லை என்று தெரிந்தால் நாட்டை யாரும் ஆளவில்லை என்று மக்கள் நினைத்துவிடுவார்களாம். ஆகவே தினமும் காலையில் கறுப்புக் கண்ணாடி போட்ட கார் ஒன்று ஓட்டுநரை மட்டும் சுமந்துகொண்டு உள்ளே வரும், மாலையில் அவரையே சுமந்துகொண்டு வெளியே போகும். வீட்டுக்குள் இருந்தவர்கள் நாலே பேர். பூச்சு வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவர், வீட்டு மேலாளர், அவள்.

அந்த நாலு பேரும் தம் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, பதினேழு மட்டும் தினசரி ஓய்வில்லாமல் சிந்தித்துக்கொண்டிருந்தது. எதிர்ப்புறக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்ற நிருபர்கள் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் மழையானாலும் வெயிலானாலும் குடையோடு நிற்பவர், அதனால் குடைக்காரர். ஜன்னல் சாஸ்திரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. இடது திரை மூடியிருந்தால் கூட்டணியில் சிக்கல். இரண்டும் மூடியிருந்தால் வெளிநாட்டு விவகாரம். ஒரு நாள் பூச்சுத் தூசி தாங்காமல் அவள் திரைகள் எல்லாவற்றையும் கழற்றித் துவைக்கப் போட்டாள். அன்று சாயங்காலச் செய்தியில், "இனி எதையும் ஒளிக்கப்போவதில்லை: பதினேழு முடிவு" என்று வந்தது. தையல்காரர் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல முடிவுதான்" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்ச் சிரித்துத் தீர்த்துவிட்டு வந்தாள். வெளியே சொன்னால் வேலை போய்விடுமே.

சிரிப்பு நின்றது, சந்தில் சிவப்புப் பெயின்ட் விழுந்த அன்று. விமான நிலையத்துக்கு ஓர் அகலச் சாலை வரப்போகிறது, அது இந்தச் சந்தின் வழியாகத்தான் போகப்போகிறது என்று அளவு நாடாவோடு வந்தவர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். தையல் கடையின் கதவிலும் ஒன்று. மாற்று வீடு உண்டாம், ஊருக்கு வெளியே, நாலாவது மாடியில்.

"நாலாவது மாடிக்கா?" என்றார் தையல்காரர். "கால்சட்டை கிழிஞ்சவன் அதைப் பிடிச்சுக்கிட்டு நாலு மாடி ஏறுவானா?"

அவர் வேறொன்றையும் யோசித்துக்கொண்டிருந்தார். அதை அவர் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும். அவருக்குக் கண் மங்கிவிட்டது. கிழக்குப் பார்த்த அந்தக் கதவின் வழியே விழும் வெளிச்சத்தில், மிஷினை வாசல்படிக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டால்தான் ஊசியில் நூல் கோக்க முடியும். அந்தக் கதவு போனால் அவர் தொழிலும் போயிற்று. வெட்டும் மேசையில் குனிந்து, இல்லாத நூலை அவர் விரலால் தேய்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

சந்தே திரண்டு அவள் வாசலுக்கு வந்தது. நாத்தனார்தான் தலைமை.

"இத்தனை வருஷமா அந்த வீட்டுல வேலை பாக்கறே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யார்கிட்ட அண்ணி சொல்றது?"

"யார்கிட்டயா? அங்க யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட!"

அங்கே யாரும் இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவள் விழுங்கியதைப் பார்த்த முக்குக் கடைக்காரர், "பாத்தீங்களா, மூச்சு விடமாட்டேங்குது. இதுக்குப் பேர்தான் ஆட்சி" என்றார்.

முறைப்படி முயன்று பார்க்காதவள் என்று அவளைச் சொல்லக் கூடாது. மேலாளரிடம் கேட்டாள். அவர் சாலைத் துறை அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். அங்கே இருந்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி காட்டினார், தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"எங்க கையில ஒண்ணும் இல்லைம்மா. இது பதினேழு எடுத்த முடிவு."

"எப்பங்க எடுத்துச்சு?"

"போன செவ்வாய்க்கிழமை. நீண்ட ஆலோசனைக்கு அப்புறம்."

போன செவ்வாய்க்கிழமை அவள் நாள் முழுக்கப் படுக்கையறையில் இருந்தாள். பெரிய பூச்சுக்காரர் ஏணியிலிருந்து சறுக்கி, தம்பியின் தலையில் கலவைச் சட்டியைக் கவிழ்த்தார். அதைத் தவிர அந்த வீட்டில் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை.

"அப்படி ஒண்ணும் நடந்த மாதிரி தெரியலையேங்க" என்றாள்.

அதிகாரி பரிதாபமாகச் சிரித்தார். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? பதினேழே மனசு மாறினாத்தான் உண்டு. பதினேழு ஒரு வார்த்தை சொன்னா நாங்க உடனே நிறுத்திடுவோம்."

படி இறங்கி வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு நாள் தூசி தட்டி, துடைத்து, பளபளவென்று வைத்திருந்த வீடு, தன் புருஷனின் கதவைப் பிடுங்கத் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்துவிட்டதே என்று, கூடப் பிறந்தவள் துரோகம் செய்த மாதிரி இருந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது பூச்சுக்காரர்களிடம் சொல்லித் தீர்த்தாள். அநியாயம் என்றார் பெரியவர். ரொம்ப அநியாயம் என்றார் தம்பி. மேலாளர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் ஆட்டினார். அவர் பெரிய பதவிக்குத் தகுதியானவர்.

அன்று மாலை தூறல். அவள் பின்வாசல் வழியாக வந்து, வழக்கம்போலத் தலையைக் குனிந்து கம்பித் தடுப்பைக் கடந்தாள். குடைக்காரரும் வழக்கம்போலக் கேட்டார்.

"அம்மா, உள்ளே என்ன விசேஷம்? சாலை விஷயம் ஏதாவது பேசினாங்களா?"

எத்தனையோ வருடங்களாக அவர் கேட்பதும் அவள் நிற்காமல் போவதுமாக இருந்தது. அன்றைக்கு நின்றாள்.

"பேசினோம்."

குடைக்காரர் குடையை மடக்கிவிட்டார். தூறல் நிற்கவில்லை.

"என்னன்னு?"

"அந்தச் சந்தை இடிக்கறது தப்புங்க."

"யார் சொல்றது?"

"நான்தான் சொல்றேன். எழுதிக்குங்க, என் பேரு…"

"ஐயய்யோ, பேரெல்லாம் வேண்டாம்" என்று அவர் பதறிப்போனார். "நாங்க யார் பேரையும் போடறதில்லை. அந்த வாசல்லேர்ந்து யார் வந்து எதைச் சொன்னாலும் பதினேழுன்னுதான் போடுவோம். அதுதான் மரியாதை. உள்ளே மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் அநியாயம்னுதான் சொன்னாங்க. ஒருத்தர் மட்டும் வாயைத் திறக்கலை. ஆனா மறுக்கலை."

"அப்போ ஒருமனதா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

"சாலையை என்ன பண்றதாம்?"

"வேற பக்கம் விட வேண்டியதுதானேங்க. நாட்டுல இடமா இல்லை?"

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குடைக்காரரை விசாரித்தபோது அவரும் அதையேதான் சொன்னார்: வீட்டுக்குள்ளிருந்து வந்தவர், வீட்டுக்குள் பேசியதைச் சொன்னார், நான் போட்டேன். அந்தம்மா கையில் தரை துடைக்கும் துணி இருந்ததைக் கவனிக்கவில்லையா என்று கேட்டதற்கு, கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து மேற்கோள் போட ஆரம்பித்தால் செய்தியே போட முடியாது என்றார்.

சாயங்காலச் செய்தியில் முதல் செய்தி அதுதான். "சந்தை இடிக்கப் பதினேழில் ஒருமித்த எதிர்ப்பு. மாற்று வழிக்கு யோசனை." அவள் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது. தையல்காரர் அவள் தலையில் தட்டிவிட்டு, டிவியைப் பார்த்தபடி சொன்னார்: "உன் வீடு தங்கமான வீடும்மா. நாமதான் தப்பா நினைச்சுட்டோம்."

"என்னங்க…" என்று ஆரம்பித்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. இருமல்."

மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். மேலாளர் கூப்பிடுவார், கணக்கு முடித்து அனுப்பிவிடுவார் என்று பித்தளைக் கைப்பிடியை ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. காரணம், அன்று காலை நாட்டில் நடந்தது இதுதான்.

சாலைத் துறைத் தலைவர் செய்தியைப் பார்த்தார். பதினேழுக்கு ஒரு போன் போட்டு உண்மையா என்று கேட்டிருக்கலாம். கேட்டால், பதினேழு தன்னிடம் சொல்லாமல் டிவியிடம் சொன்னது தெரிந்துபோகும். ஆகவே, "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று கீழே உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டார். மந்திரி, துறைத் தலைவருக்கே தெரியும்போது தனக்குத் தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று, இந்த யோசனையே தன்னுடையது என்று பேட்டி கொடுத்தார். ஏரிக்கரையில் தலைவர் டிவியைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பினார். செயலாளரைக் கூப்பிட்டார்.

"இது நம்ம கருத்துதானே?"

தலைவர் தன்னிடம் சொல்லாமல் யாரிடமோ சொல்லியிருக்கிறார் என்று செயலாளர் நினைத்துக்கொண்டார். "உங்க கருத்தேதாங்க" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார் தலைவர்.

இரண்டு நாளில் சந்தின் சுவர்களில் சிவப்புக் குறிகளின்மேல் வெள்ளை அடித்தார்கள். ஏழைகளின் குரல் பதினேழின் காதில் எப்போதும் விழும் என்று தலைவர் அறிக்கை விட்டார். அதற்கு அடுத்த மாதம் கூரை வேலை முடிந்து அவரும் பதினேழுக்குத் திரும்பி வந்தார். அவர் போனது யாருக்கும் தெரியாததால் வந்ததும் தெரியவில்லை.

சந்தில் அவள் நிலைமை தலைகீழாக மாறியது. முக்குக் கடைக்காரர் எடையில் கொஞ்சம் தாராளம் காட்டினார். நாத்தனார் மாடியிலிருந்து டீயைத் தன் கையாலேயே போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தத் தெருவிளக்கு கண் சிமிட்டிக்கிட்டே இருக்கே, அதையும் ஒரு வார்த்தை…" என்று இழுத்தாள். தையல்காரருக்கு மட்டும் அவள் உண்மையைச் சொல்லியிருந்தாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு, "இனிமே சட்டை தைக்கறப்ப உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வெட்டணும் போலிருக்கு" என்றார். சிவப்புக் குறி விழுந்ததும் உள்ளே தள்ளிப் போட்டிருந்த மிஷின் மறுபடியும் வாசல்படிக்கு ஒட்டி வந்தது.

ஆனால் சாலை என்பது ஆகாயத்தில் போகிற பொருள் இல்லையே. மாற்று வழி என்று பதினேழு சொல்லியாயிற்று. மாற்று வழி கண்டுபிடித்தாக வேண்டும். அளவு நாடாக்காரர்கள் பின் தெருவில் இறங்கினார்கள். அங்கேயும் பெயின்ட் சிவப்புதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின் தெருவில் பூட்டு ரிப்பேர் பார்ப்பவள் வந்து வாசலில் நின்றாள். ஒல்லியான பெண், தோளில் கனமான பை. உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"அக்கா, உங்க சந்துக்கு நீங்கதான் சொன்னீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"யாரு சொன்னா? நான் என்னம்மா, தரை துடைக்கறவ."

"நானும் பூட்டுத் திறக்கறவதான். எந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கும்னு எனக்குத் தெரியாதா?"

பேசிக்கொண்டே அவள் கண் கதவுப் பூட்டுக்குப் போனது. பல மாதமாகச் சிக்கிக்கொண்டு, காலால் உதைத்தால்தான் திறக்கும் பூட்டு அது. யாரும் கேட்காமலே பையிலிருந்து கருவியை எடுத்து, பூட்டைக் கழற்றி, ஊதி, எண்ணெய் விட்டு, உள்ளே ஒரு சிறிய ஸ்பிரிங்கை மாற்றி, மறுபடியும் பொருத்திவிட்டாள். சாவியைத் திருப்பிக் காட்டினாள். வெண்ணெயில் போவதுபோல் போயிற்று.

"எவ்வளவும்மா ஆச்சு?"

"காசு வேண்டாம்க்கா. அந்தக் கம்பித் தடுப்புப் பக்கம் போறப்ப ஒரு வார்த்தை. எங்க தெருவுக்கும்."

வாசல்படியை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றுவிட்டது.

பின் தெருவும் வேண்டாம் என்றால் சாலை எங்கே திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். தையல்காரருக்கும் தெரியும். கிழக்கு வெளிச்சம் தரையில் மிஷின்வரை நீண்டு கிடந்தது. அவள் வாசல்படியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.

"பாக்கறேம்மா" என்றாள்.

"பாக்கறேன்னு உங்க வீடு சொல்லும்க்கா. நீங்க சொல்லுங்க."

"காசை வாங்கிக்கயேன். வேலை செஞ்சிருக்கே."

"காசா வாங்கிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இதற்குப் பிறகு அவள் வேலை முடிந்து கம்பித் தடுப்பைக் கடக்கும்போதெல்லாம் குடைக்காரர் கேட்கிறார். அவள் நடை தளர்கிறது, ஆனால் நிற்பதில்லை. காசை இரண்டு தடவை கொடுத்தனுப்பினாள், இரண்டு தடவையும் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை தையல்காரரே எடுத்துக்கொண்டு போனார்; பூட்டுக்காரியின் கிழிந்த பையைத் தைப்பதற்காக வாங்கிக்கொண்டு வந்தாரே தவிர, காசைக் கொடுக்க முடியவில்லை. மழைக்காலம் முடிந்ததும் பின் தெருவை இடிக்கத் தொடங்குவார்கள் என்று பேச்சு. பூட்டு அருமையாக வேலை செய்கிறது. கூலி இன்னும் பாக்கி நிற்கிறது.